சம்பளச் சீட்டில் வராத 78 மணி நேரம்!

அதிகாலை மூன்றே முக்கால் மணி. தளியில் குளிர்காலம் என்றால் இந்த நேரத்தில் பக்கத்து வீட்டு வாசல்கூடத் தெரியாது. அப்படி ஒரு பனி! இந்தக் குளிரைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் ஊருக்கே ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பனிக்குள் ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபுமாக, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓசூரில் ஆறு மணிக்கு அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்.

தளியிலிருந்து ஓசூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடத்துக்கு நடை, அங்கே காத்திருப்பு, மத்திகிரி வழியாகப் பயணம், ஓசூரில் இறங்கி இன்னொரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து கம்பெனி கேட்... எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் எளிதாகப் போய்விடும். போக வர மூன்று மணி நேரம்.

ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பெரிதாகத் தெரியாது. மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால், 78 மணி நேரம்! எட்டு மணி நேர ஷிஃப்டாகக் கணக்கிட்டால், கிட்டத்தட்ட பத்து ஷிஃப்ட். சம்பளச் சீட்டில் எங்குமே வராத பத்து ஷிஃப்ட்!

முதலில் பறிபோவது தூக்கம்

இந்த 78 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? வேலை நேரத்தைக் குறைக்க முடியாது. சமையல், துணி, குழந்தையின் வீட்டுப்பாடம் எதையும் தள்ளிப்போட முடியாது. கேள்வி கேட்காமல் விட்டுக்கொடுப்பது தூக்கம் ஒன்றுதான். பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மூன்று மணிக்கு எழ வேண்டியவர் எட்டு மணிக்கே படுத்தால்தான் அது கிடைக்கும். எத்தனை வீட்டில் மருமகளோ மகளோ எட்டு மணிக்குப் படுக்க முடிகிறது?

பயணம் மனதையும் வாட்டும். பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளில் செய்த ஒவ்வொரு காரியத்தின்போதும் மனநிலை எப்படி இருந்தது என்று கேட்டார். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்தவற்றில் ஒன்று காலை நேரப் பயணம். காரில் போகிறவர்கள் அதிகமுள்ள ஊரிலேயே அப்படியென்றால், நின்றுகொண்டே போகும் டவுன் பஸ்ஸைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

கடைசி மூன்று கிலோமீட்டர்

பயண தூரம் என்றதும் எல்லோரும் மெயின் ரோட்டைத்தான் கணக்கிடுகிறோம். ஆபத்து பெரும்பாலும் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு, ஊருக்குள் போகும் இருட்டான கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் இந்தப் பிரச்னைக்கு இன்னொரு முகம் உண்டு: யானை. ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டி, கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. கேழ்வரகு கதிர் முற்றும் பருவம் அது. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரமும், செகண்ட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் நேரமும்தான் யானைகள் நடமாடும் நேரம்.

அந்த மாதங்களில் காட்டோரப் பாதையில் தனியாக டூவீலரில் போவதைத் தவிர்க்க வேண்டும். வனத்துறை எச்சரிக்கை வந்தால் அதை ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் காட்டி, சில நாளைக்கு ஷிஃப்ட் மாற்றிக் கேட்பதில் தவறே இல்லை. யானையைப் பார்த்துவிட்டால் ஹாரன் அடிக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. தூரத்திலேயே நின்று, வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

எனவே, வேலையில் சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி, ‘கம்பெனி பஸ் உண்டா?’ என்பது மட்டுமல்ல. ‘பஸ் எங்கள் ஊருக்குள் வருமா, மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா?’ என்பதும்தான். பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த சட்டப்பிரிவை, 2000-ம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. அப்போது விதித்த பாதுகாப்பு நிபந்தனைகளில் வீட்டுக்குப் போய்வர வாகன வசதியும் ஒன்று. அந்த வசதியைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

வழியில் விபத்து நடந்தால்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. இ.எஸ்.ஐ-யில் இருக்கும் தொழிலாளிக்கு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ விபத்து நடந்தால், அதையும் பணியிட விபத்தாகவே கருத வேண்டும் என்று 2010-ல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கம்பெனி பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலைக்கான பயணத்தோடு பொருந்த வேண்டும்.

அதனால், விபத்து நடந்தால் உடனே கம்பெனிக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப் தகவலாவது இருக்கட்டும். வருகைப் பதிவு, பஸ் டிக்கெட், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டையும் கசக்கி எறிய வேண்டாம். எந்த நேரத்தில் எந்த வழியில் போனீர்கள் என்பதற்கு அதுவும் சாட்சி!

உடம்புக்குக் கொஞ்சம் கருணை

* நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு டூவீலர் ஓட்ட வேண்டாம். கண் அசருவது ஒரு நொடிதான், ஆனால் அது போதும். கம்பெனி பஸ்ஸோ அரசு பஸ்ஸோ நல்லது.
* பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் 20 நிமிடம் தூங்கலாம். கழுத்து வலிக்காமல் இருக்க, சால்வையைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். இறங்குமிடம் தவறாமல் இருக்க செல்போனில் அலாரம் போதும்.
* வழியில் கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்கள் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு அது வழிவிடும். பயணத்துக்கு முன் குறைவாகவும், கம்பெனிக்குப் போனதும் தாராளமாகவும் குடிக்கலாம்.
* காலையில் எதுவும் இறங்காது என்பவர்கள், ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழாவது குடித்துவிட்டுக் கிளம்பலாம். வெறும் வயிற்றோடு டீயை மட்டும் நம்பினால், பத்து மணிக்கே கை நடுங்கும்.

தங்குவதா, போய்வருவதா?

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு தாளில் இரண்டு பத்தி. ஒரு பக்கம் ஓசூரில் தங்கினால் ஆகும் வாடகை, சாப்பாடு. மறுபக்கம் பயணச் செலவு, லேட்டானால் பிடிக்கும் சம்பளம், அதோடு அந்த 78 மணி நேரம். அரசின் ‘தோழி’ விடுதி வசதியான தூரத்தில் உள்ளதா என்றும் விசாரிக்கலாம். வீட்டில் சின்னக் குழந்தையோ படுக்கையில் பெரியவர்களோ இருந்தால், போய்வருவதுதான் ஒரே வழியாக இருக்கும்.

அப்படியென்றால், அந்த 78 மணி நேரத்தை ஒருவரே சுமக்கக் கூடாது. காய்கறியை முந்தின இரவே கணவர் நறுக்கி வைக்கலாம். தம்பி அக்காவை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விடலாம். மாமியார், ‘எட்டு மணியாச்சு, நீ போய்ப் படும்மா’ என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு மணி நேரத் தூக்கத்தின் மதிப்பு உண்டு.

மாதக் கடைசியில் வரும் சம்பளத்தை எல்லோரும் சேர்ந்து எண்ணுகிறோம். அந்தப் பத்து ஷிஃப்டையும் ஒருமுறை சேர்ந்து எண்ணிப் பாருங்கள். அடுத்த நாள் அதிகாலை, அந்தப் பனியில் அவளுக்கு முன்பே வீட்டில் இன்னொரு விளக்கு எரியும்!