டிபன் சீட்டைத் தூக்கி எறியாதீங்கப்பா!

மேஜை மேல் பொம்மை வீரர்களை அடுக்கிப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் மத்தியில் ஓயாத புலம்பல் ஒன்று உண்டு. "சீட்டு வந்தால்தான் நகரலாம் என்றால் திறமைக்கு என்னய்யா வேலை? இது போரா, ரம்மியா?"

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: தரப்புக்குப் பத்து, ஐம்பது பொம்மைகள் மட்டும் வைத்து ஆடும் சின்னச் சின்ன மோதல்கள் இவை. பழைய வழக்கப்படி ஒருவர் தன் ஆட்களை எல்லாம் நகர்த்தி முடிப்பார், பிறகு மற்றவர். 1979-ல் லேரி பிராம் எழுதிய 'தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃப்ளேம்' அந்த ஒழுங்கில் சாதாரண சீட்டுக்கட்டை நுழைத்தது. சிவப்பு வந்தால் பிரிட்டிஷ் பிரிவு ஒன்று நகரும், கறுப்பு வந்தால் எதிர்த்தரப்பு. அதிலாவது எல்லோருக்கும் முறை வந்துவிடும், வரிசைதான் தெரியாது. இங்கிலாந்தின் 'டூ ஃபேட் லார்டீஸ்' வெளியிட்ட 'ஷார்ப் பிராக்டிஸ்' இன்னும் வில்லங்கம். ஒவ்வொரு தலைவனுக்கும் ஒரு சீட்டு, கூடவே 'டிபன்' என்று ஒரு சீட்டு. (ஆமாம், நம்ம டிபனேதான். வெள்ளைக்காரன் இங்கே சாப்பிட்டுப் பழகிய வார்த்தை.) அது வந்தால் அந்தச் சுற்று முடிந்தது. சீட்டு வராத தலைவன் ஆணையிட வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

புலம்பல் பார்ட்டிகள் செய்வது என்ன? அந்தச் சீட்டை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். கேட்டால் 'நியாயமான ஆட்டம்' என்கிறார்கள்.

யாருக்கு நியாயம்? 1755 ஜூலை 9, வட அமெரிக்காவில் மொனாங்கஹேலா ஆற்றங்கரை. ஜெனரல் பிராடக்கிடம் சுமார் 1,300 பேர். எதிரே பிரெஞ்சுக்காரர்களும் பழங்குடி வீரர்களுமாகச் சுமார் 900. பிரெஞ்சுத் தளபதி போஜூ தொடக்கத்திலேயே செத்து விழுந்தார். நியாயமான ஆட்டமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பழங்குடி வீரர்கள் யார் உத்தரவுக்கும் காத்திருக்காமல் இரண்டு பக்கமும் காட்டுக்குள் பரவினார்கள். பின்வாங்கிய பிரிட்டிஷ் முன்னணிப்படையும் முன்னேறி வந்த பெரும்படையும் மோதிக் குழம்பி, சொந்த ஆட்களையே சுட்டுக்கொண்டன. 86 அதிகாரிகளில் 63 பேர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். மொத்தப் படையில் மூன்றில் இரண்டு பங்கு காலி. காயம்பட்ட பிராடக் நான்கே நாளில் இறந்தார்.

பிராடக்குக்குத் திட்டம் இல்லாமல் இல்லை. அவர் சொன்னது ஆட்களிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். மேலிருந்து மொத்தக் களத்தையும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சிப்பாயையும் கையால் எடுத்து வைக்கிறவருக்கு இது எப்படிப் புரியும்? அவருடைய மேஜையில் பிராடக் ஒரு முட்டாள், அடுத்த முறையில் எல்லாம் சரியாகிவிடும். போரைச் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டவர் கிளாஸ்விட்ஸ். நெப்போலியனை எதிர்த்துக் களத்தில் நின்ற மனிதர், பொம்மை வைத்து ஆடியவர் அல்ல.

திறமைக்கு வேலை இல்லையாம்! சீட்டு எப்போது வரும் என்று தெரியாதவன்தான் யோசிக்க வேண்டும். இந்தச் சுற்று முறையே வராவிட்டாலும் தாக்குப்பிடிக்கிற இடத்தில் ஆட்களை நிறுத்த வேண்டும், பாலத்தைப் பிடிக்க ஒரே ஒரு தலைவனை நம்பக்கூடாது. எல்லாம் தன் முறைப்படி நடக்கும் என்று தெரிந்தவனுக்கு மனக்கணக்கு போதும்.

ஒரு குறை மட்டும் உண்மை. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது, தன் சீட்டு வராதவர் அரை மணி நேரம் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். பாவம்தான். அவருக்கு இரண்டு தலைவர்களைக் கொடுங்கள், தீர்ந்தது. கூட ஆட ஆளே கிடைக்காதவருக்கோ இந்தக் கட்டுதான் துணை. தனியாக ஆடும்போது தனக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாயும் கையை, யாருக்கும் சாயாத சீட்டு தடுத்துவிடும்.

பெட்டிக்குள் போன அந்த டிபன் சீட்டை எடுத்து மறுபடி கட்டில் சொருகுங்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.