பொதிகை முடி

குருவிகுளம், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் மண்ணில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், அவ்வட்டாரம் வானம் பார்த்த பூமியாயிற்று. ஆயினும் தடுத்த நீரை அம்மலை தானே வைத்துக்கொள்வதில்லை. ஆறுகளாக்கி நாட்டுக்கு அளிக்கின்றது. அத்தொடரின் தென்பகுதியில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பதே பொதிகை எனப்படும் அகத்தியமலை.

அது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாய் அமைந்த மலை. கிழக்கே பொருநை பாய்ந்து நெல்லைச் சீமையை வளப்படுத்துகின்றது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் கேரளத்தை வளப்படுத்துகின்றன. மனிதர் வகுத்த கோடு நிலத்தைப் பிரிக்கலாம். நீரையும் காட்டையும் பிரித்தல் இயலுமோ? ஆதலின் அம்மலையைக் காக்கும் கடமை இருபுறத்தார்க்கும் பொது. 2016-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது.

இத்தகைய முடியில் ஏறுதற்கு உரியவர் யாவர்? கேரளத்து வழியில் நெடுங்காலம் பெண்டிர் முடிவரை செல்ல விடப்பெறவில்லை. பெண் என்னும் காரணத்தால் தடுத்தல் ஆகாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2019 சனவரியில் தன்யா சனல் என்னும் அம்மையார் முடியை அடைந்தார்.

அகத்தியரைத் தெய்வமாகப் போற்றும் காணி மக்கள் இதனை விரும்பவில்லை. அவர்தம் வருத்தத்தை எளிதாக எண்ணுதல் தகாது. களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையை ஆராய்ச்சியாளர்க்குக் காட்டியவர் அவர்களே. அம்மலையை அவர்போல் அறிந்தவர் அரியர். ஆயினும், கால்வலிமையும் மனவுறுதியும் ஆண்பாலார்க்கே உரியன அல்ல. மலைக்குச் செய்யும் மரியாதை, ஏறுபவர் யார் என்பதைப் பொறுத்ததன்று. எவ்வாறு ஏறுகின்றார் என்பதைப் பொறுத்ததே.

ஆண்டில் சிலகாலமே வழி திறக்கப்படுவதும், செல்வோர் தொகை வரையறுக்கப்படுவதும் சிலர்க்குக் குறையாகத் தோன்றலாம். அவை தடைகள் அல்ல, காப்புகள். நேபாளத்துக்கும் சீனத்துக்கும் எல்லையாய் நிற்கும் எவரெஸ்ட் முடியை 1953 மே 29-இல் டென்சிங்கும் ஹிலாரியும் முதன்முதல் அடைந்தனர். பின்னர் ஏறியோர் பலர் விட்டுச்சென்ற குப்பையை அகற்றுதல் இன்று பெரும்பணியாய் முடிந்துள்ளது. அந்நிலை பொதிகைக்கு நேரலாகாது.

மலையுச்சியை அடைவது சிலர்க்கே கூடும். அங்கே பிறக்கும் நீரோ, உச்சியைக் காணாதார்க்கும் உணவாகின்றது. ஏறுவோர் இதனை மறவாது ஏறுதல் வேண்டும். ஏறாதோரும் இதனை எண்ணி அம்மலையைக் காத்தல் வேண்டும்.