வீடு திரும்புமுன் ஆறு நிமிட நடை

"எழவே சிரமப்படுபவரை நடக்கச் சொல்கிறீர்களே!" என உறவினர்கள் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் இயல்பானதே. ஆயினும், நிமோனியாவிலிருந்து தேறிவருபவருக்குப் படுத்திருக்கையில் 96 சதவீதம் காட்டும் ஆக்சிஜன் அளவு, நடக்கையில் 88-க்கு இறங்கக்கூடும். கொரோனாக் காலத்தில் இத்தகைய இறக்கத்தைப் பலரிடம் கண்டோம்.

30 மீட்டர் தாழ்வாரத்தில், அவரவர் வேகத்தில் ஆறு நிமிடம் நடப்பதே இச்சோதனை. இடையில் நின்று இளைப்பாறலாம். தாழ்வாரம் இல்லாவிடத்து, ஒரு நிமிடம் நாற்காலியிலிருந்து எழுந்தமர்ந்தும் பார்க்கலாம். அண்மையில் மாரடைப்பு கண்டவர்க்கும், ஓய்விலேயே மூச்சுத்திணறுவோர்க்கும் இதனைச் செய்வதில்லை.

குற்றாலத்துச் சாரல் இரவில், வீட்டு மாடிப்படியில் வெளிப்படும் குறையை, மருத்துவர் அருகிருக்கையிலேயே அறிவது நன்றன்றோ? அளவு இறங்கினால் இன்னும் இரு நாள் தங்க நேரலாம். அந்த இரு நாள் வீணல்ல என்பதே எங்கள் கருத்து.