மைசூர்பாகு தின்றால் பாவமா?

உடம்பைக் குறைக்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டே கட்சிதான். முதல் கட்சி, "இனிமேல் ஜென்மத்துக்கும் இனிப்பைத் தொட மாட்டேன்" என்று சபதம் போட்ட கட்சி. இரண்டாவது கட்சி, திங்கள் முதல் சனி வரை அரைப் பட்டினி கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை 'சீட் டே' கொண்டாடும் கட்சி. பார்த்தால் ஒன்றுக்கொன்று பரம விரோதிகள் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டுக்குமே சாப்பாடு ஒரு குற்றம். முதல் கட்சிக்கு ஆயுள் தண்டனை, இரண்டாவது கட்சிக்கு வாரம் ஒருநாள் பரோல். அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்த இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடாமலே எடை குறைக்கலாம். எப்போதாவது ஒரு துண்டு மைசூர்பாகு, தீபாவளிக்கு ஒரு அதிரசம், கல்யாண வீட்டில் வாழை இலையில் ஒரு சாப்பாடு... இதனால் எல்லாம் எந்தத் திட்டமும் கெட்டுப்போகாது. சொல்லப்போனால் இதற்கெல்லாம் இடமே வைக்காத திட்டம்தான் சீக்கிரம் படுத்துவிடும். ஆனால் அந்த 'எப்போதாவது' என்ற ஒற்றை வார்த்தைக்குள் பெரிய வில்லங்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வரலாம்.

இதெல்லாம் பணக்கார வீட்டுக் கவலை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21ல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது 37 சதவீதம் ஆகிவிட்டது. ஐந்தே வருஷத்துக்குள் இவ்வளவு! ஆக, எடை குறைக்க ஆசைப்படுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரைதான் மேலே சொன்ன இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கை.

முதலில் சபதக் கட்சி. இவர்களுடைய நம்பிக்கை எளிமையானது: ஒரு வாய் தின்றால் எல்லாம் போச்சு. சரி, நிஜமாகவே போகிறதா? ஒருவர் ஒரு நாளைக்குத் தன் தேவையைவிட 500 கலோரி குறைவாகச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 3500. ஒரு கிலோ உடல் கொழுப்பில் தோராயமாக 7700 கலோரி இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. அதன்படி வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இப்போது அவர் 40 கிராம் நெய் மைசூர்பாகு ஒன்றைச் சாப்பிட்டுவிடுகிறார். சுமார் 200 கலோரி. 3500ல் 200 போனால் மிச்சம் 3300. இதற்கா இத்தனை ஒப்பாரி?

உண்மையான சேதம் அந்தத் துண்டில் இல்லை, அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் இருக்கிறது. "விரதம்தான் கெட்டுப்போச்சே, இனி என்ன?" என்று மனசு ஒரு வாதம் வைக்கும். ஒரு துண்டு நாலு துண்டாகும். கூடவே மிக்சர் பொட்டலம் திறக்கும். ராத்திரி பரோட்டா. "நாளையிலிருந்து ஒழுங்கா இருக்கலாம்." நாளை என்பது திங்கட்கிழமை ஆகும், திங்கட்கிழமை ஒண்ணாம் தேதி ஆகும், ஒண்ணாம் தேதி புத்தாண்டு ஆகும்!

இது வெறும் கற்பனை இல்லை. 1975ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவிகளை, எப்போதும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பவர்கள், அப்படி இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்தார்கள். சிலருக்கு மில்க்‌ஷேக் எதுவும் இல்லை, சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. பிறகு "ருசி பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்துவிட்டார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் யாரும் செய்வதுதானே? ஆனால் கட்டுப்பாட்டுக்காரர்கள் தலைகீழ். மில்க்‌ஷேக் குடித்தவர்கள்தான் ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். கோட்டைத் தாண்டியாச்சு, இனி ஒரு அடி என்ன, ஒன்பது அடி என்ன என்ற கதை. கோட்டைக் கண்ணாடியால் கட்டினால் ஒரு கல்லுக்கே நொறுங்கத்தான் செய்யும்.

அப்படியானால் பரோல் கட்சிக்காரர்கள் சொல்வதுதான் சரியா? வாரம் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டால் போதுமா? அங்கேதான் அடுத்த கூத்து.

முதலில் அந்தப் பெயரையே பாருங்கள். 'சீட்டிங்'. ஏமாற்று வேலை! பேலியோ, கீட்டோ என்று எந்தக் குழுவுக்குள் போனாலும் "நேத்து சீட் பண்ணிட்டேன்" என்று பாவமன்னிப்பு கேட்கிறவர் ஒருவராவது இருப்பார். யாரை ஏமாற்றினார்? பரீட்சையில் பிட் அடித்தாரா? பாட்டி சுட்ட அதிரசத்தைத் தின்றார். அதற்குப் போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறார். சாப்பாட்டுக்குக் குற்றத்தின் பெயரை வைத்துவிட்டு, பிறகு சாப்பிடும்போது குற்றவுணர்ச்சி வருகிறதே என்று அழுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது கணக்கு. ஆறு நாள் 500, 500 என்று குறைத்தவர் 3000 கலோரி சேமித்திருக்கிறார். ஞாயிறு மதியம் பிரியாணி, சாயங்காலம் குளிர்பானத்தோடு சிக்கன் 65, ராத்திரி பரோட்டா, மேலே ஐஸ்கிரீம். அன்றைய தேவைக்கு மேல் 1500 ஏறினால் மூன்று நாள் பாடு காலி. 3000 ஏறினால் வாரமே பூஜ்யம். பிறகு "ஆறு நாள் வாயைக் கட்டியும் ஒரு கிராம்கூடக் குறையலை, என் உடம்பு வாகு அப்படி" என்று புலம்பல். பாவம், உடம்பு வாகு என்ன செய்யும்?

"இல்லை இல்லை, ஒருநாள் வயிறு முட்டச் சாப்பிட்டால் மெட்டபாலிசம் ஏறும், அடுத்த வாரம் கொழுப்பு வேகமாகக் கரையும்" என்று ஜிம்முக்கு ஜிம் ஒரு விஞ்ஞான விளக்கம் வேறு ஓடுகிறது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் தொல்லையே! 2000ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஒல்லியான பெண்களுக்கு மூன்று நாள் தேவையைவிட 40 சதவீதம் கூடுதலாக மாவுச்சத்து உணவு கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு செலவழித்த சக்தி கூடியது உண்மை. எவ்வளவு? 7 சதவீதம். உள்ளே போனது 40, கூடுதலாக எரிந்தது 7. இந்த வியாபாரத்தை எந்த மளிகைக்கடை அண்ணாச்சியும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அமெரிக்காவில் கணிசமாக எடை குறைத்து அதைத் தக்கவைத்தவர்களைப் பதிவு செய்து கவனிக்கும் தேசியப் பதிவேடு ஒன்று 1994லிருந்து நடக்கிறது. அதில் இருந்தவர்களை வைத்து 2004ல் வந்த ஓர் ஆய்வு, வார நாளிலும் வார இறுதியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிட்டவர்கள்தான் அடுத்த ஒரு வருஷத்தில் எடையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்றது. இதைக் கேட்டதும் சபதக் கட்சி விசிலடிக்கும். அவசரப்பட வேண்டாம். ஒரே மாதிரி என்றால் ஒரே கடுமை என்று பொருள் இல்லை. ஆறு நாள் கடுமையைத் தளர்த்தினால் ஏழாம் நாள் வெறி தானாகத் தணியும் என்றும் அதையே படிக்கலாம். புதன்கிழமை ஒரு துண்டு இனிப்புக்கு இடம் உள்ளவன் ஞாயிற்றுக்கிழமை ஏன் கால் கிலோ வாங்கப் போகிறான்?

இப்போது அந்த 'எப்போதாவது' வில்லங்கம்.

வகுப்பில் 60 பேர் என்றால் வருஷத்துக்கு 60 பிறந்தநாள். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. இது போக அரியர் முடித்த ட்ரீட், வேலை கிடைத்த ட்ரீட், காதல் ஓகே ஆன ட்ரீட், அது பிய்த்துக்கொண்டு போன ட்ரீட். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு எப்போதாவது வருவதுதான். ஆனால் எல்லாருக்கும் கூடப் போகிறவனுக்கு அது தினசரி! அந்தக் காலத்தில் பலகாரம் என்றால் பண்டிகைக்குத்தான். பல கிராமத்து வீடுகளில் இட்லி தோசையே தீபாவளி, பொங்கல் சமாச்சாரமாக இருந்தது. 'எப்போது' என்ற கேள்விக்குக் காலண்டரே பதில் சொல்லிவிடும். இன்றைக்குத் தெருவுக்கு ஒரு ஸ்வீட் கடை, போனைத் தட்டினால் அரைமணியில் வாசலில் பிரியாணி. காலண்டர் செய்த வேலையை இனி அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. பண்டிகை அதிரசத்தைக் கண்டு நடுங்குகிறவர்கள் காபியைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 24 கிராம், 96 கலோரி. வாரத்துக்கு 670ஐத் தாண்டும். மூன்று மைசூர்பாகு! அதுவும் ருசித்தோமா இல்லையா என்றே தெரியாமல், செய்தித்தாளைப் பார்த்தபடி உள்ளே இறக்கிய மூன்று. உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன வழிகாட்டுதல்படி, சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம்தான். காபியிலேயே அது தீர்ந்துபோகிறது. பாதிச் சர்க்கரையைக் காபியில் வெட்டினால் பாட்டியின் அதிரசத்தை நிம்மதியாகச் சாப்பிடலாம். யாரும் இந்தப் பேரத்துக்கு வருவதில்லை. காரணம், காபிச் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அதிரசம் தெரியும்.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு:

1. முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். "இந்த வாரம் வெள்ளிக்கிழமை நண்பன் ட்ரீட், அங்கே பிரியாணி" என்று முடிவு செய்து போகிறவனுக்கும், பசியோடு கடைவாசலில் நின்று முடிவு செய்கிறவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

2. நாளைத் திறந்துவிடக் கூடாது, ஒரு வேளையை, முடிந்தால் ஒரு பொருளைத் திறந்தால் போதும்.

3. தின்கிற பொருள் அதற்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் அதிரசத்துக்கு அந்தத் தகுதி உண்டு. மீட்டிங்கில் தட்டில் வைத்த நமுத்துப்போன பிஸ்கட்டுக்கு ஏது?

4. நாலு பேரோடு உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிட வேண்டும். அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து தின்பதில்தான் அளவு தெரியாமல் போகிறது.

5. மறுநாள் தண்டனை கூடாது. பட்டினியும் வேண்டாம், இரண்டு மணி நேர ஓட்டமும் வேண்டாம். வழக்கமான காலைச் சாப்பாடு, வழக்கமான நடை.

மறுநாள் காலையில் எடை மெஷினில் ஏறி ஒரு கிலோ கூடியிருப்பதைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 7700 கலோரி தின்றிருக்க வேண்டும். மைசூர்பாகு என்றால் 38 துண்டு! ஏறியதில் பெரும்பகுதி தண்ணீரும் இன்னும் ஜீரணமாகாத சாப்பாடும்தான். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கும். அதற்குள் "எல்லாம் போச்சு" என்று கைவிடுகிறவர்கள் கைவிடுவது வெறும் தண்ணீரைப் பார்த்து.

"ஒரு துண்டோடு நிறுத்தவே முடியாதவர்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். அவர்கள் கால் கிலோ பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராமல், கடையில் ஒரு துண்டு வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிட்டு வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்கள், அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும், வலைப்பக்கத்தைப் பார்த்து அல்ல. தின்றதை வாந்தி எடுப்பது, தின்றதற்காக நாள்கணக்கில் பட்டினி கிடப்பது என்று போனவர்களுக்கு இனி டயட் சார்ட் உதவாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "குண்டு, குண்டு" என்று கேலி செய்தே ஒருவரை அங்கே தள்ளிவிடுகிற வகுப்புத் தோழர்களும் சித்தப்பா பெரியப்பாக்களும் கொஞ்சம் வாயைக் கட்டலாம். எடை குறைப்பதற்கு அதுவும் ஒரு நல்ல வழி!

எடை குறைப்பது ஒரு மாத வேலை இல்லை. குறைத்ததைக் காப்பாற்றுவது வருஷக்கணக்கான வேலை. அத்தனை வருஷத்திலும் தீபாவளி வரும், அக்கா கல்யாணம் வரும், அக்கா குழந்தைக்குக் காதுகுத்து வரும். ஒவ்வொரு பந்தியிலும் இலைக்கு முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார எத்தனை பேரால் முடியும்? முடியாத திட்டத்தைப் போட்டுவிட்டு, முடியாதபோது தன்னையே திட்டிக்கொள்வதுதான் இங்கே நடக்கிறது.

அடுத்த தீபாவளிக்கு ஒரு அதிரசம், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக. மறுநாள் காலையில் வழக்கம்போல இரண்டு இட்லி. காபியில் மட்டும் ஒரு ஸ்பூன் குறைவு. இவ்வளவுதான் விஷயம்.