மழையில் சைக்கிள்: கவிஞர்கள் கவனத்திற்கு

மழையில் நனைந்தபடி சைக்கிள் மிதிப்பது சுகம் என்று கவிதை எழுதும் நண்பர்களே, ஐப்பசியில் ஒருநாள் பேரணாம்பட்டுக்கு வாருங்கள். மழை விடும்வரை ஷூ கம்பெனி ஷிஃப்ட் காத்திருக்காது. ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் தெரியாது. "ஓரமாப் போ" என்று பஸ் ஹாரன் அடிக்கும். அந்த ஓரத்தில்தானே தண்ணீர் தேங்குகிறது!

2005-06 முதல் அரசுப் பள்ளி பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் இலவச சைக்கிள் என்றானது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சைக்கிள் கொடுத்தவர்கள் அது ஓட இரண்டடி ரோடு கொடுத்தார்களா? பைக் வாங்கு என்பதா பதில்? மழைக்கு முன்பே பள்ளத்தை மூடுங்கள், ஓரத்துத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். கவிதையை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.