ஜெராக்ஸா, ஜன்னலா?

மீன்பிடித் தடைக்காலம் தெரியும்தானே? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்க ஊர் கருக்களாச்சேரியில் அப்போ நிவாரணத்தைத்தான் நம்பியிருப்போம்.

போன வருஷம் பட்டியலில் எங்க அப்பா பேரே இல்லை! விசாரிச்சா, உறுப்பினர் விவரம் ஒரு கம்ப்யூட்டரில், நிவாரணப் பட்டியல் இன்னொன்றில். ரெண்டுமே எம்.எஸ். ஆக்சஸ். உறுப்பினர் டேபிளை யாரோ எப்பவோ இம்போர்ட் பண்ணியிருக்காங்க. இம்போர்ட்னா ஜெராக்ஸ் பாஸ்! அப்புறமா ஒரிஜினலில் சேர்த்த அப்பா பேர் ஜெராக்ஸில் எப்படி வரும்?

இதுக்குத்தான் லிங்க். ஃபைல் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க்கில் ஷேர் பண்ணுங்க. 'எக்ஸ்டர்னல் டேட்டா'வில் அந்த ஃபைலைக் காட்டி, இம்போர்ட்டுக்குப் பதிலா லிங்க் கொடுங்க. டேபிள் பக்கத்தில் குட்டி அம்புக்குறி வரும். டேட்டா அங்கேயேதான் இருக்கு, நீங்க ஜன்னல் வழியா பார்க்கறீங்க.

ஆனா, ஜன்னல் வழியா கையும் போகும்! அதில் ஒரு வரியை அழிச்சா ஒரிஜினலிலும் காலி. டேபிளையே டெலிட் பண்ணினா லிங்க் மட்டும்தான் போகும். (உல்டாவா இருக்குல்ல?) இன்னொரு வம்பு: ஒரே ஃபைல்னா, 'உறுப்பினரா இல்லாத பேரை ஏத்தாதே'ன்னு ஆக்சஸே காவல் காக்கும். ரெண்டு ஃபைல்னா காக்காது. நாமதான் பார்த்துக்கணும்.

அப்பா பேர் ஒருவழியா ஏறிடுச்சு. லிங்க் போட்டுக் கொடுத்தது நான்தான். 'ஃபோல்டர் பேரை மாத்தாதீங்க, லிங்க் அறுந்துடும்'னு மானிட்டரில் சீட்டும் ஒட்டினேன்.

மூணாம் நாளே மாத்திட்டாங்க. 'லிங்க்டு டேபிள் மேனேஜர்' எங்கே இருக்குன்னு போனில் சொல்லிக்கிட்டிருக்கேன்!