இசைக்கும் இடமுள்ள இல்லம்

வீடு கட்ட முனைவோர் படுக்கையறை எத்தனை, வண்டி நிறுத்த இடம் எவ்வளவு என்று கணக்கிடுகின்றனர். வீட்டுப்பிள்ளை வாய்விட்டுப் பாடவும் சுற்றத்தார் அமர்ந்து கேட்கவும் இடமுண்டா எனக் கேட்போர் அரியர். இயற்கையோடு இயைந்த வீட்டைக் கட்டுவோர் இசைக்குரிய இடத்தையும் அதனுள்ளேயே பெறலாம். ஏனெனில், இரண்டிற்கும் வேண்டுவன பெரும்பாலும் ஒன்றே.

வீணையின் ஒலி மென்மையானது. மின்விசிறியின் இரைச்சல் அதன் நுண்ணிய கமகங்களை விழுங்கிவிடும். ஆகவே, இசை கேட்கும் கூடத்திற்கு முதல் தேவை அமைதி. எந்திரத்தின் துணையின்றிக் குளிர்ந்திருக்கும் கூடமே அமைதியான கூடமாகவும் அமையும்.

செட்டிநாட்டு வீடுகள் இதற்கு நல்ல சான்று. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ்ந்து தூண்கள் தாங்கும் தாழ்வாரம். வெப்பக்காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறுகிறது. கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் சேர்கிறது. திருமண நாள்களில் உறவினர் கூடும் இடமும் அதுவே. ஒரே வெளி காற்றுக்கும் நீருக்கும் மனிதருக்கும் பயன்படுகிறது.

கட்டுமானப் பொருள்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகின் கரிவளி வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் நிகழ்கிறது. இங்கிலாந்தில் 1917ஆம் ஆண்டு பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். இதனால் செங்கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சமாகிறது. இடைப்பட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது.

மெருகேற்றிய கல்தளமும் கண்ணாடியும் வெற்றுச்சுவரும் ஒலியை மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்புகின்றன. ஒரு சுரம் அடங்குமுன் அடுத்த சுரம் அதன்மேல் படிந்து தெளிவு குலைகிறது. கோரைப்பாயும் துணித்திரையும் ஒலியை ஓரளவு உள்வாங்கும். நூல்கள் நிறைந்த அலமாரி அதனைச் சிதறச் செய்யும். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை.

“அரை கிரவுண்டு மனையில் இதற்கெல்லாம் இடமேது? அண்டை வீட்டார் பொறுப்பரோ?” என்ற வினாக்கள் எழுவது இயல்பே. தனி அரங்கு எவரும் கட்ட வேண்டியதில்லை. கூடத்தின் ஒரு புறத்தில் ஒன்றரை அடி உயரத் திண்ணை போதும். அன்றாடம் அது பாட்டி அமரும் இடம். பிள்ளைகள் படிக்கும் இடம். பாடும் நாளில் மேடை. அண்டை வீட்டுப் பக்கம் குளியலறையையும் அலமாரியையும் அமைத்துச் சன்னல்களை முற்றம் நோக்கித் திறந்தால் வெளிச்செல்லும் ஒலி குறையும். முற்றிலும் அடங்காது என்பது உண்மையே. எனினும், ஒலிபெருக்கியின்றி, உரிய நேரத்தில் பாடும் பாட்டு தொல்லையாகாது. அண்டை வீட்டாரையும் கேட்க அழைத்தல் அதனினும் நன்று.

சென்னை மார்கழி விழாவின் மேடை சிலருக்கே வாய்க்கிறது. பயிலும் பிள்ளைக்கு உடனடியாக வேண்டுவது செவிகொடுக்கும் இருபது பேர். கேட்பார் இல்லாத குரல் நாளடைவில் தானே ஒடுங்கும். அடுக்ககத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பயிலும் பிள்ளைகள் இன்று பலர். வீட்டின் வரைபடம் தீட்டும் நாளில் அப்பிள்ளைகளையும் அருகே அமர்த்தி, “நீ எங்கே பாடுவாய்?” என்று கேட்பது பெற்றோர் கடன்.